றிவேர்ப் ஸ்பிரிங்குக்குள் எதை விடக்கூடாது

போன கச்சான் காற்றுக் காலத்தில் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் ஒரு இரவு வாசித்தோம். மணலில் பலகை போட்ட மேடை, மேலே கூரை இல்லை, பின்னால் தென்னை, முன்னால் கடல். அடுத்த கிழமை அதே குழு, அதே கிற்றார், அதே அம்ப் (ஒலிபெருக்கி), ஆனால் இடம் நகரத்துக்குள் ஒரு கல்யாண மண்டபம். உயரமான தகரக் கூரை, ஓடு பதித்த தரை, நான்கு பக்கமும் வெறும் சுவர். கிற்றார் ஒலிக்குப் பின்னால் எதிரொலி மாதிரி ஒரு வாலைச் சேர்ப்பதுதான் றிவேர்ப். அந்த றிவேர்ப் குமிழை இரண்டு இடத்திலும் 4இல்தான் வைத்திருந்தேன். கடற்கரையில் காணாது என்று தோன்றிய அதே றிவேர்ப் மண்டபத்தில் கஞ்சி மாதிரிக் குழம்பிப் போனது. குமிழைக் குறைத்தால் கிற்றார் வறண்டு கிடக்கிறது, கூட்டினால் பைலா ஆட்டப் பாட்டின் வெட்டுத் தாளம் கரைந்து போகிறது, நடுவில் நல்ல இடம் என்று ஒன்று இல்லவே இல்லை. குமிழ் அளவை மட்டும்தான் மாற்றும், தன்மையை மாற்றாது என்பது அன்றைக்குத்தான் எனக்குச் சரியாக உறைத்தது. தன்மையைத் தீர்மானிப்பது அம்புக்குள் இருக்கும், கடலைப் பருப்பு அளவே உள்ள ஓரிரண்டு கெப்பாசிற்றர்கள். அவற்றோடு ஒரு மழைக்காலம் முழுக்க இருந்து பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன்.

அம்புக்குள் றிவேர்ப்பை உண்டாக்குவது ஒரு ஸ்பிரிங். முதலில் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தொலைபேசி நெடுந்தூரக் கம்பியில் குரல் தாமதித்து வருவதை ஆய்வுகூடத்தில் உண்டாக்கிப் பார்க்க அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்பிரிங்கைப் பயன்படுத்தினார்கள். மின் ஓர்கன் செய்த லோரன்ஸ் ஹமண்ட் அந்த யோசனையை எடுத்துக்கொண்டார். அவருடைய ஓர்கன் 1935இல் விற்பனைக்கு வந்தது, வாங்கியவர்களில் சின்னச் சின்னத் தேவாலயங்களும் வீடுகளும் நிறைய. பேராலயத்தில் ஓர்கன் ஒலிப்பதற்கும் பத்து வாங்கு போட்ட சின்னக் கோயிலில் ஒலிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நிரப்பத்தான் ஸ்பிரிங். ஆரம்பத்தில் அது ஆள் உயரத்துக்குக் கிட்ட, எண்ணெய்க் குழாயெல்லாம் வைத்த பெரிய ஏற்பாடு. 1960 வாக்கில் அதே நிறுவனத்தார் அதை ஒரு தகரத் தட்டுக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கினார்கள். லியோ ஃபெண்டர் அந்தத் தட்டை வைத்து 1961இல் தனி றிவேர்ப் பெட்டி விட்டார், 1963இல் வைப்ரோவேர்ப் என்ற அம்புக்குள்ளேயே அதைப் பொருத்தினார். அன்றைய கலிபோர்னியாக் கடற்கரைக் கிற்றார் இசை முழுக்க இந்த ஸ்பிரிங்கில் நனைந்தது. ஆக தேவாலயத்துக்கென்று பிறந்தது கடற்கரைக்கு வந்து பேரெடுத்தது. இரண்டும் அடுத்தடுத்து இருக்கிற எங்கள் ஊர்க்காரருக்கு இது ஒன்றும் புதினமாகத் தெரியாது.

அந்தத் தட்டைக் கிற்றார்காரர் டேங்க் என்கிறார்கள். திருகோணமலையில் டேங்க், தாங்கி என்றால் சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள்தான் ஞாபகத்துக்கு வரும், ஆனால் இது ஏறத்தாழ 43 சென்ரிமீற்றர் நீளத்தில் அம்பின் அடியில் படுத்திருக்கும் ஒரு ஒல்லியான தகரப் பெட்டி. உள்ளே இரண்டு நீண்ட ஸ்பிரிங். ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் ஒரு குட்டிக் காந்தம். ஒரு முனையில் உள்ள கம்பிச்சுருளுக்கு ஒலிச் சைகையைக் கொடுத்தால் காந்தம் இடமும் வலமும் முறுகும், அந்த முறுக்கல் ஸ்பிரிங் வழியே அலையாக ஓடி மறுமுனைக் காந்தத்தைத் திருப்பும், அது தன் சுருளில் சில மில்லிவோல்ட் அழுத்தத்தை உண்டாக்கும். ஸ்பிரிங் முன்னும் பின்னும் இழுபடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, துணி பிழிவது மாதிரியான முறுக்கல்தான் ஓடுகிறது. ஒரு ஸ்பிரிங்கில் அலை மறுமுனைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 33 மில்லிசெக்கன், மற்றதில் 41. இரண்டும் ஒத்துப் போகாமல் இருப்பது வேண்டுமென்று செய்தது, ஒத்துப் போனால் ஒரே இடத்தில் டொக், டொக் என்று தனித்தனி எதிரொலியாகக் கேட்கும். போன அலை மறுமுனையில் பட்டுத் திரும்பி, மறுபடி போய், இப்படியே தேய்ந்து தேய்ந்து முடிவதைத்தான் நாம் வால் என்று கேட்கிறோம். நீள வால் வகை டேங்கில் அது 3, 4 செக்கன் வரை நிற்கும்.

இனி கெப்பாசிற்றர். பள்ளிக்கூடப் பௌதிகப் புத்தகத்தில் இதைக் கொள்ளளவி என்று படித்திருப்போம், பழைய ரேடியோ திருத்துகிறவர்கள் இன்றும் கண்டென்சர் என்பார்கள். மூன்றும் ஒன்றுதான். நமக்கு இங்கே வேண்டிய குணம் ஒன்றே: தாழ்ந்த அதிர்வுகளை அது கஷ்டப்பட்டுத்தான் விடும், உயர்ந்த அதிர்வுகளைச் சுலபமாக விடும். எந்த இடத்தில் அந்த மாற்றம் நடக்கிறது என்பது கெப்பாசிற்றரின் பெறுமதியையும் அதற்குப் பிறகு வரும் தடையியையும் பொறுத்தது. ஒன்றை இரண்டு பையாலும் தடையாலும் கொள்ளளவாலும் பிரித்தால் வரும் எண்தான் அந்த வாசல். அந்த எண்ணுக்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் சத்தம் பாதியாகிக்கொண்டு போகும்.

என் அம்ப் ஃபெண்டரின் ஏபி763 என்ற 1960களின் வரைபடத்தைப் பார்த்துக் கட்டிய வால்வ் அம்ப், அதாவது கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்குவது. உலகத்தில் இன்று விற்கும் வால்வ் றிவேர்ப் அம்புகளில் பல அந்த வரைபடத்தின் பிள்ளைகள்தான், அதனால் அதை வைத்தே விளக்குகிறேன். கிற்றார்ச் சைகை இரண்டு படி பெருக்கப்பட்ட பிறகு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று 3.3 மெகாஓம் தடையி வழியே நேராகப் போகிறது, இது றிவேர்ப் சேராத வறண்ட ஒலி. மற்றது 500 பிக்கோபரட் கெப்பாசிற்றர் ஒன்றைத் தாண்டி 12ஏடி7 வால்வின் கிரிட்டுக்கு, அதாவது சைகை உள்ளே போகும் முனைக்கு, வருகிறது, கிரிட்டிலிருந்து நிலத்துக்கு 1 மெகாஓம். அந்த வால்வ் ஒரு குட்டி ட்ரான்ஸ்போமர் வழியே டேங்கை ஆட்டுகிறது. டேங்கிலிருந்து திரும்பி வருவதை இன்னொரு வால்வின் ஒரு பாதி பெருக்கி, 0.003 மைக்ரோபரட், அதாவது 3 நனோபரட், கெப்பாசிற்றர் வழியே 100 கிலோஓம் றிவேர்ப் குமிழுக்குக் கொடுக்கிறது. குமிழிலிருந்து 470 கிலோஓம் வழியே வறண்ட ஒலியோடு கலக்கிறது. இவ்வளவுதான் கதை. ஸ்பிரிங்குக்கு முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல்.

முன்வாசலைக் கணக்குப் போடுங்கள். 500 பிக்கோவும் 1 மெகாஓமும் சேர்ந்தால் 318 ஹேர்ட்ஸ். கிற்றாரின் முதல் தந்தியை அமத்தாமல் அடித்தால் வருவது 330 ஹேர்ட்ஸ். அதாவது ஃபெண்டர்காரர்கள் வாசலைக் கிட்டத்தட்ட முதல் தந்தியின் வெறுஞ்சுரத்தில் வைத்திருக்கிறார்கள்! அதற்குக் கீழே உள்ள ஐந்து தந்தியின் வெறுஞ்சுர அடிநாதமும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது. ஆறாவது தந்தி 82 ஹேர்ட்ஸ், இரண்டு ஸ்தாயி கீழே, அதன் அடிநாதத்தில் நாலில் ஒரு பங்குதான் ஸ்பிரிங்குக்குப் போகிறது. முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். இல்லை, சரிதான். நல்ல றிவேர்ப் என்று நாம் அறுபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அடிநாதத்தைப் பெரும்பாலும் வெளியே நிறுத்திய றிவேர்ப்.

ஏன் நிறுத்த வேண்டும்? டேங்கின் உள்ளிடு சுருள் ஒரு தூண்டி (இண்டக்டர்). இந்த வகை டேங்கில் அது 1 கிலோஹேர்ட்ஸில் 8 ஓம். தாழ்ந்த அதிர்வில் அந்தத் தடங்கல் இன்னும் குறையும், குறைந்தால் அதே அழுத்தத்துக்கு ஓட்டம் கூடும், கூடிய ஓட்டம் சின்ன இரும்பு உள்ளகத்தை நிரப்பிவிடும், நிரம்பிய பிறகு அது ஒலியை ஒழுங்காகக் கொண்டு போகாது, கசக்கிச் சிதைத்துவிடும். அந்தக் குட்டி ட்ரான்ஸ்போமருக்கும் இதே பாடுதான். அதோடு, டேங்க் இருப்பது ஸ்பீக்கர் இருக்கும் அதே பெட்டிக்குள். ஸ்பீக்கரின் அடிச்சத்தம் பெட்டியை ஆட்ட, பெட்டி ஸ்பிரிங்கை ஆட்ட, அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போக, சத்தம் கூட்டும்போது ஒரு ஊளை கிளம்பும்.

இது எதுவும் விளங்காத காலத்தில் நான் ஒரு வேலை செய்தேன். கடற்கரையில் றிவேர்ப் மெலிந்து கேட்கிறது, அடிநாதம் காணாது, ஆகவே கெப்பாசிற்றரைப் பெரிதாக்கினால் நிறைவாக வரும் என்று எண்ணி 500 பிக்கோவைக் கழற்றிவிட்டு 4.7 நனோவைப் போட்டேன். வாசல் 34 ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது, அதாவது வாசலே இல்லை. வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது உண்மையிலேயே அழகாக இருந்தது, பெரிய மண்டபத்தில் இருக்கிற மாதிரி. குழுவோடு சேர்ந்து வாசித்த முதல் பாட்டிலேயே ஒவ்வொரு தாழ்ந்த சுரத்துக்கும் பின்னால் புர்ர் என்று ஒரு கரகரப்பு, பேஸ் கிற்றார் வாசிக்கிறவர் தன் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிட்டார். அடுத்த நாள், சரி, முன்னால் அப்படியே இருக்கட்டும், பின்வாசலை இறுக்கி அடிநாதத்தை வெட்டுவோம் என்று அங்கே 1 நனோ வைத்துப் பார்த்தேன். றிவேர்ப் மெலிந்தது, ஆனால் கரகரப்பு போகவில்லை!

இந்த இடத்தில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. கணக்கில் முன்வாசலும் பின்வாசலும் ஒன்று போலத் தெரியும், இரண்டும் அடிநாதத்தைத் தடுக்கின்றன, எதில் தடுத்தால் என்ன என்று தோன்றும். ஆனால் நடுவில் இருக்கும் ஸ்பிரிங்கும் வால்வும் ட்ரான்ஸ்போமரும் நேர்மையான கம்பி இல்லை. 82 ஹேர்ட்ஸை அளவுக்கு மீறி உள்ளே அனுப்பினால் அவை கசங்கும்போது 164, 246, 328 என்று அதன் மடங்குகளைப் புதிதாக உண்டாக்கும், அதற்கும் மேலே போகும். பின்னால் நிற்கும் கெப்பாசிற்றருக்கு இவை அடிநாதத்தின் பிள்ளைகள் என்று தெரியாது. நடு அலைவரிசையில் வந்தவை என்பதால் தாராளமாக உள்ளே விட்டுவிடும். குழம்பு அடிப்பிடித்த பிறகு மேலே இருப்பதை வேறு சட்டிக்கு மாற்றினாலும் கருகல் வாசனை கூடவே வருகிற மாதிரி. ஆகவே முன்வாசல் சுத்தத்தைத் தீர்மானிக்கிறது, பின்வாசல் நிறத்தைத் தீர்மானிக்கிறது. மாற்ற நினைக்கிறவர்கள் முன்னதிலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

முன்வாசலை இறுக்குவதால் இன்னொரு லாபமும் உண்டு. அடிநாதம் இல்லாதபோது வால்வுக்கு இடம் மிஞ்சும், அந்த இடத்தில் நடுச்சுரங்களை இன்னும் பலமாக ஸ்பிரிங்குக்குள் தள்ளலாம். கடற்கரை இசையில் கேட்கும் அந்தச் சளப் என்ற நீர் தெறிக்கும் சத்தம் அப்படித்தான் வருகிறது. மெலிதாக்கினால் றிவேர்ப் குறையும் என்று நினைத்தேன், பெறுமதியைக் குறைத்த பிறகு றிவேர்ப் முன்னால் வந்து நின்றது.

பின்வாசலுக்கு வருவோம். 3 நனோவும் 100 கிலோஓம் குமிழும் என்று மட்டும் போட்டால் 530 ஹேர்ட்ஸ் வரும், ஆனால் பெருக்கும் வால்வின் சொந்தத் தடையும் தொடரில் சேர்வதால் உண்மையில் வாசல் 400 ஹேர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். இரண்டு வாசலையும் தாண்டிய பிறகு ஆறாவது தந்தியின் அடிநாதத்தில் மிஞ்சுவது இருபதில் ஒரு பங்கு மட்டில்தான். இந்த 3 நனோவுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, அது இங்கே எங்களுக்கு முக்கியம். டேங்கின் வெளியீட்டுச் சுருள் தன் பக்கத்தில் இருக்கும் எந்தக் காந்தப் புலத்தையும் பிடித்துக்கொள்ளும், அம்பின் மின் ட்ரான்ஸ்போமர் அதே பெட்டியில்தான் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் ம்ம்ம் என்று ஒரு 50ம் அதன் மடங்குகளும் டேங்கிலிருந்து வரும். 3 நனோ அந்த 50ஐ எட்டில் ஒரு பங்காக்கிவிடுகிறது. நிறைவு வேண்டும் என்று அதை 10 நனோவாக மாற்றினால் வாசல் 115க்கு இறங்கும், இரைச்சல் மூன்று மடங்காகும். 10 நனோ நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர்களை நம்பி வைக்கும்போது இந்தக் கணக்கை ஒருக்கால் பாருங்கள்.

உயர்ந்த பக்கம் என்ன செய்யலாம்? இங்கே ஸ்பிரிங்கே ஒரு எல்லை வைத்திருக்கிறது. இந்த நீள டேங்கின் ஸ்பிரிங்குகள் ஏறத்தாழ 4, 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் எதையும் ஒழுங்காகக் கொண்டு போவதில்லை. அதற்கு மேல் றிவேர்ப் பாதையில் கேட்பது பெரும்பாலும் பெருக்கும் வால்வின் ஸ்ஸ்ஸ் மட்டும்தான். ஆகவே குமிழின் உயர்ந்த முனையிலிருந்து நிலத்துக்கு 1 நனோ வைத்தால் 5, 6 கிலோஹேர்ட்ஸ் அளவில் சரிவு தொடங்கும், ஸ்பிரிங் ஒலியில் பெரிதாக எதுவும் போகாது, அந்தச் சீறல் குறையும். 2.2 நனோ வைத்தால் 3 கிலோஹேர்ட்ஸ் பக்கம் வந்துவிடும், அப்போது பளபளப்பும் போய்விடும். இந்தக் கெப்பாசிற்றர் 3 நனோவோடு சேர்ந்து மொத்த அளவையும் பங்கு போட்டுக்கொள்ளும் என்பதால் குமிழைக் கொஞ்சம் கூட்ட வேண்டி வரும். மழைக்காலத்தில் ஜன்னல் எல்லாம் பூட்டிய சின்ன அறையில் வாசிக்கும்போது 2.2 எனக்குப் பிடித்தது. திறந்த வெளியில் அதைத் தாங்க முடியாது, போர்வையைப் போட்டு மூடிய மாதிரி இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை வேறொன்று. டேங்கின் வெளியீட்டுச் சுருளுக்குக் குறுக்கே, அதாவது பெருக்கும் வால்வின் கிரிட்டில் இருக்கும் 220 கிலோஓமுக்கு இணையாக, ஒரு கெப்பாசிற்றர் வைப்பது. அந்தச் சுருள் 1 கிலோஹேர்ட்ஸில் 2250 ஓம், கணக்குப் போட்டால் தூண்டற் பெறுமதி ஏறத்தாழ 0.36 ஹென்றி. தூண்டியும் கொள்ளளவியும் இணையாக நின்றால் ஒரு குறிப்பிட்ட அதிர்வில் இரண்டும் சேர்ந்து பாடும். 2.2 நனோ வைத்தால் அந்த இடம் ஏறத்தாழ 5.7 கிலோஹேர்ட்ஸ், ஸ்பிரிங் அங்கே எதையும் அனுப்பாததால் வித்தியாசம் கொஞ்சம்தான். 4.7 வைத்தால் 3.9 கிலோஹேர்ட்ஸ், இது ஸ்பிரிங்கின் விளிம்பு, அங்கே ஒரு சின்ன மேடு எழும்பி அதற்கு மேல் சரியும். துளித் துளியாகச் சொட்டும் அந்தக் குணம் தூக்கலாகக் கேட்கும், கூடவே சீறலும் வெட்டுப்படும். 10 நனோ வைத்தால் 2.7 பக்கம் வந்து மூக்கால் பேசுவது மாதிரி ஆகிவிடுகிறது, சிலருக்கு அது பிடிக்கலாம், எனக்குப் பிடிக்கவில்லை. இந்த இடத்தில் உயர் அழுத்தம் இல்லை, சில மில்லிவோல்ட்தான், அதனால் எந்த வகைக் கெப்பாசிற்றரும் போதும். ஒன்றை மட்டும் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

வறண்ட ஒலியின் 3.3 மெகாஓமுக்கு இணையாக 10 பிக்கோ ஒன்று இருக்கும். அதை மாற்றிவிட்டு றிவேர்ப் மாறியது என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாறியது வறண்ட ஒலியின் கூர்மை, றிவேர்ப் அப்படியேதான் இருக்கிறது, பக்கத்தில் இருப்பது மாறியதால் இது வேறு மாதிரித் தோன்றுகிறது. அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

எல்லோரிடமும் வால்வ் அம்ப் இருக்காது, இங்கே பெரும்பாலும் ட்ரான்சிஸ்ரர், ஐசி அம்புகள்தான். சட்டம் அதேதான். டேங்கை ஆட்டும் ஐசிக்கு முன்னால் ஒரு கெப்பாசிற்றரும் தடையியும் இருக்கும். தடையி 10 கிலோஓம் என்றால் 100 நனோவுக்கு வாசல் 159 ஹேர்ட்ஸ், 47க்கு 339, 22க்கு 723. மலிவான அம்புகளில் இது தேவையைவிடப் பெரிதாக இருப்பதுதான் வழக்கம், அதோடு வால்வ் மெதுவாகக் கசங்கும் இடத்தில் ஐசி சட்டென்று வெட்டுப்படும், தாழ்ந்த சுரத்துக்கு டப் என்று ஒரு அடி கேட்பது அதனால்தான். அப்படிப்பட்ட அம்பில் 100ஐ 47 ஆக்கினால் வரும் மாற்றம் புது டேங்க் வாங்கினாற்போல இருக்கும். அழுத்தமும் அங்கே 15 வோல்ட் அளவில்தான், பழக நினைக்கிறவர்கள் அதில் பழகலாம். குட்டி அம்புகளில் இருக்கும் 23 சென்ரிமீற்றர் டேங்கின் ஸ்பிரிங் வேறு, எதிரொலி சீக்கிரம் திரும்பும், ஆகவே அதற்கு எண்கள் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும், காதுதான் கடைசி.

வால்வ் அம்பைத் திறக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லாமல் விடமாட்டேன். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், மெயின்ஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய மின்வழங்கிக் கெப்பாசிற்றர்களில் அது தங்கியிருக்கும், ஆளைக் கொல்லப் போதும். பிளக்கைக் கழற்றி, 10 கிலோஓம் 10 வாட் தடையி ஒன்றை நன்றாக உறை போட்ட வயரில் வைத்து அவற்றை வெறுமையாக்கி, மீற்றரால் அளந்து, எண் சைபருக்குக் கிட்ட வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இதே சடங்கு. அம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளிப்பால் மாற்றிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். முன்வாசலும் பின்வாசலும் ஏறத்தாழ 200 வோல்ட்டைத் தடுத்துக்கொண்டு நிற்பவை, ஆகவே அங்கே போடுவது 630 வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்குவதாக இருக்கட்டும். இதில் பழக்கம் இல்லாதவர்கள் பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வாங்கும்போது 500 பிக்கோ என்று கேட்டால் கிடைக்காது, இன்று 470தான் நியமப் பெறுமதி, உடம்பில் 471 என்று எழுதியிருக்கும். வித்தியாசம் 20 ஹேர்ட்ஸ், காது பிடிக்காது. 102 என்றால் 1 நனோ, 222 என்றால் 2.2, 332 என்றால் 3.3, 472 என்றால் 4.7. வேண்டிய பெறுமதி இல்லாவிட்டால் இரண்டை இணையாக வைத்தால் கூடும், ஒரே மாதிரி இரண்டைத் தொடராக வைத்தால் பாதியாகும். செரமிக்கா, பிலிமா, மைக்காவா என்று கிற்றார்காரர்கள் நாள் முழுக்க வாதாடுவார்கள். நான் மூன்றையும் ஒரே பெறுமதியில் போட்டுக் கைத்தொலைபேசியில் பதிந்து கேட்டேன், றிவேர்ப் பாதையில் என் காதுக்கு வித்தியாசம் இல்லை. தட்டு வடிவச் செரமிக்கில் எழுதியதற்கும் உள்ளே இருப்பதற்கும் 20 வீதம் வரை விலகல் இருக்கலாம், அந்த விலகலால் வரும் மாற்றத்தைத்தான் பலர் பொருளின் குணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். மீற்றரில் கொள்ளளவு அளக்கும் வசதி இருந்தால் அளந்துவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று, இது கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு. கெப்பாசிற்றரைக் குற்றம் சொல்வதற்கு முன் டேங்கைப் பாருங்கள். உப்புக் காற்று முதலில் பிடிப்பது டேங்கின் இரண்டு சொருகிகளை. பச்சை பிடித்த சொருகி முதலில் விட்டுவிட்டு வேலை செய்யும், அப்புறம் ஒரேயடியாகப் போய்விடும். இரண்டு வயரையும் கழற்றிவிட்டு மீற்றரால் அளந்தால் 8 ஓம் உள்ளிடு சுருள் 1 ஓமுக்குச் சற்றுக் கீழே காட்டும், வெளியீட்டுச் சுருள் 200 ஓம் மட்டில் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் மயிரளவு கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, பெரும்பாலும் சுருளிலிருந்து சொருகிக்கு வரும் இடத்தில். ஸ்பிரிங்கில் துருப் புள்ளி தெரிந்தால் எண்ணெய் தெளிக்க வேண்டாம். ஸ்பிரிங்கில் ஒட்டும் எண்ணெய் முறுக்கலை அமுக்கி வாலைக் குறைத்துவிடும், பழைய ஹமண்ட் பெட்டிகளில் எண்ணெய் வைத்ததே அதற்காகத்தான். டேங்கைப் பைக்குள் வைத்து, வாடைக் காலத்தில் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொதி ஒன்றையும் உள்ளே போட்டுவிடுகிறேன், மூன்று வருஷமாக நன்றாக இருக்கிறது.

கடைசியில் நான் எங்கே வந்து நின்றேன் என்று சொல்கிறேன். முன்வாசலில் இப்போது ஒரு சின்னச் சுவிட்ச். ஒரு பக்கம் 470 பிக்கோ, மறுபக்கம் 220, மேலே சொன்ன கணக்கில் 220க்கு வாசல் 720 ஹேர்ட்ஸுக்குப் போகிறது. சுவிட்சின் அந்த இரண்டு முனைக்கும் இடையே 10 மெகாஓம் தடையி ஒன்று இருப்பதால் மாற்றும்போது டப் என்று அடிப்பதில்லை. கடற்கரையில் 470. அங்கே சுவர் எதையும் திருப்பி அனுப்புவதில்லை, காற்று அள்ளிக்கொண்டு போகிறது, ஆகவே ஸ்பிரிங் மட்டும்தான் துணை. மண்டபத்திலும் தேவாலயத்திலும் 220. கட்டடம் தானாகவே அடிநாதத்தைப் போதும் போதும் என்று நீட்டிக் கொடுக்கிறது, அதன் மேல் நாமும் போய்க் கொட்ட வேண்டியதில்லை, மேலே ஒரு பளபளப்பு இருந்தால் காணும். பைலாவின் ஆறு அடித் தாளத்தில் வெட்டி வெட்டி அடிக்கும்போது 220இல் ஒவ்வொரு வெட்டும் தனியே நிற்கிறது. பின்வாசலில் 2.2 நனோ, சுருளுக்குக் குறுக்கே 4.7. போன மாதம் அதே கல்யாண மண்டபத்தில் மறுபடி வாசித்தோம், றிவேர்ப் குமிழை 5 வரை கூட்டி வைத்திருந்தேன், பேஸ்காரர் இரண்டு பாட்டு முடிந்த பிறகு என் பக்கம் திரும்பி, றிவேர்ப்பை நிற்பாட்டிவிட்டாயா மச்சான் என்று கேட்டார். இல்லை, ஓடுது என்றேன்.